நாற்பது நாளுக்கு ஆள் வேண்டும்

மூட்டை தூக்கிப் பழகிய தோள், ஜெயிலில் சும்மா கிடந்து வலித்தது. பழனியாண்டிக்குத் தண்டனை முடிய இன்னும் நாற்பது நாள் இருந்தது. மகள் கல்யாணமோ மறுநாள்.

ஒருவனுடைய தண்டனையை வேண்டியவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பது அந்த ஊர்ச் சட்டம். சந்தையில் அவனோடு சுமை தூக்கும் பதின்மூன்று பேர், தட்டும் போர்வையுமாக வந்து வரிசையில் நின்று ஆளுக்கு மூன்று நாள் எழுதிக்கொண்டார்கள்.

"முப்பத்தொம்பதுதான்யா ஆச்சு. ஒரு நாள் இடிக்குது," என்றார் வார்டர்.

பழனியாண்டி விரல் விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தான்.

"அத என் பேருக்கு எழுதுங்க சார்."

கடைசியில் நின்றவன் லாரி டிரைவர் சூசை. பழனியாண்டி அடித்த அடியில் முன்பல் இரண்டைப் பறிகொடுத்தவன். அந்த அடிக்குத்தான் இந்த ஜெயில்.

"நீயாடா?"

"ஆமாண்டா. புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? கல்யாணப் பிரியாணியில எலும்பில்லாத துண்டாப் பாத்து அனுப்பு. கடிக்கப் பல்லு இல்ல பாரு."

வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. வார்டரும் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். பழனியாண்டி ஓடிப்போய் பஸ் ஏறினான்.

பாதி வழியில்தான் உறைத்தது. அடித்ததற்கு சூசையிடம் அவன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது ஒன்று பாக்கி.