மூன்று வினாடி

சன்னல் வெயில் சாப்பாட்டு மேசையில் பாதியை மட்டும் பிடித்திருக்கிறது. அந்தப் பாதியில் ஆய்வுக்காரப் பெண் தாள்களைப் பரப்பியிருக்கிறாள். வீட்டில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய்கிறவள். ஒரு வாரமாக எங்கள் பேச்சைப் பதிவு செய்து, இருமலையும் இடைவெளியையும்கூட விடாமல் எழுதி வந்திருக்கிறாள். "இங்க பாருங்கய்யா, எதிர்வீட்டு ரேடியோக்காரர் கேட்டு முடிக்கறதுக்குள்ளயே அம்மா பதில் சொல்லிடறாங்க. உங்களுக்குப் பதில் சொல்ல மட்டும் அவங்களுக்கு மூணு வினாடி ஆகுது." மூன்று வினாடியில் நான் அந்தக் காலத்தில் ஓடுகிற ரயிலில் ஏறி, இடம் பிடித்து, தூங்கியே போயிருக்கிறேன். ரேடியோக்காரனுக்கு எழுபத்திரண்டு வயதிலும் தலை நிறைய முடி. அது எனக்குப் பழைய வயிற்றெரிச்சல், இது புதிது. என் மனைவி நிமிராமல் பட்டாணி உரிக்கிறாள். கிண்ணத்தில் விழும் ஒவ்வொரு மணியும் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் கேட்கிறது. "அவன்னா வாயத் தொறக்கறதுக்குள்ள பதிலு, நான்னா மட்டும் யோசனையா?" என்கிறேன். மூன்று வினாடி போகிறது. நான்காவதும் போகிறது. ஒரு தோல் மேசையிலிருந்து நழுவிக் கீழே விழுகிறது. "அவருக்குச் சட்டுனு சொன்னா வாசலோட போயிடுவாரு. உங்களுக்குச் சட்டுனு சொல்லி நான் எங்க அனுப்பறது?" பெண் அவசரமாக அதையும் எழுதுகிறாள். எனக்குச் சமாதானமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தாள்களில் அவனோடு என் மனைவி பேசியது இரண்டு பக்கம், என்னோடு பதினோரு வரி. மனைவி தோலைப் பொறுக்கக் குனிகிற நேரம் பார்த்து, அவனுடையதில் ஒரு பக்கத்தை என் பெயரில் மாற்றி எழுத முடியுமா என்று பெண்ணின் காதோடு கேட்கிறேன்.