விசைக்கு மேலே ஒரு துளை

போட்டி நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸோடு அவர்களுடைய காப்புரிமை வரைபடமும் வந்திருந்தது. சாய உருண்டை சுடும் பெயின்ட்பால் விளையாட்டுத் துப்பாக்கியின் விசை அமைப்பு தங்களுடையது, ஏழு நாளில் தயாரிப்பை நிறுத்த வேண்டும் என்றார்கள். அமல்தாஸ் தன் பட்டறையில் உட்கார்ந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விசைக்கு மேலே ஒரு சிறு துளை இருந்தது. அவனுடைய முதல் துப்பாக்கியில் டிரில் வழுக்கி விழுந்த துளை அது. ஒரு பயனும் இல்லாதது. அன்று மாலையே எம்-சீல் வைத்து அடைத்துவிட்டான். திருடியவர்கள் அதையும் சேர்த்து வரைந்திருந்தார்கள்.

போனில் அவனுடைய வக்கீல் சிரித்தார். "தப்பைக்கூட விடாம காப்பியடிச்சிருக்கானுங்க! இது போதும் சார். அடைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஓட்டையை யார் யார் பார்த்தாங்க? பேரை மட்டும் எழுதிக் குடுங்க."

அமல்தாஸ் தன் பெயரை எழுதினான். துளை விழுந்த அன்று பட்டறையில் அவனைத் தவிர ஒருவன்தான் இருந்தான். எதிரே ஸ்பிரிங்குகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த தம்பி விக்டர் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னண்ணே, பரீட்சையில மாதிரி கையால மறைச்சு எழுதுறீங்க?"

"ஒண்ணுமில்லடா."

"வக்கீல் என்ன எழுதச் சொன்னாரு?"

அமல்தாஸ் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வெளியே நல்ல வெயில். விக்டர் எழுந்து போய், ஷட்டரை உள்ளிருந்து மெதுவாக இறக்கினான்.