எழுபத்திரண்டு தாளங்களுக்குப் பிறகு

அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் மாலை வகுப்பு இசைக்குழுவுக்கு இது கடைசி ஒத்திகை. பனிமலையைப் பற்றிய இந்த இசையை எழுதிய லொரெய்ன் மூன்றாம் வரிசையில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள். உருகி விழும் முதல் துளிக்காக அவள் எழுதியது, என் கையிலிருக்கும் முக்கோணக் கம்பியில் தட்டும் ஒரே ஒரு மணியோசை. போன இரண்டு வாரங்களைப்போல இன்றும் தப்பான இடத்தில் தட்டினேன் என்றால் அந்தப் பென்சிலால் அதை அடித்து நீக்கிவிடுவாள். அதற்கு முன் எழுபத்திரண்டு தாளங்கள் நான் சும்மா நிற்க வேண்டும். எண்ணிக்கை தவறாமலிருக்க, பத்துத் தாளத்துக்கு ஒரு பொத்தானாக இடப் பையிலிருந்து வலப் பைக்கு மாற்றுகிறேன். ஜன்னலில் மலையுச்சி சிவக்கிறது. மாற்றியது நான்கா, ஐந்தா? "எங்க இருக்கோம்?" என்று பக்கத்தில் முரசடிக்கும் ரஸ்ஸலிடம் கிசுகிசுக்கிறேன். "மொன்டானாலதான்," என்கிறான் பாவி. எண்ணுவதை விட்டுவிட்டுக் கேட்கிறேன். வயலின்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. மிச்சமிருக்கும் ஒன்று மட்டும் பனிக்கட்டியின் விளிம்புபோல மெலிந்து, மெலிந்து, நிற்கிறது. தட்டுகிறேன். ஓசை கூரைவரை போய் அங்கேயே தங்குகிறது. லொரெய்ன் மூடிய கண்ணைத் திறக்காமலே பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொள்கிறாள். "மூச்ச விடு பெக்கி, செத்துகித்துத் தொலையாத," என்கிறான் ரஸ்ஸல். விடுகிறேன்.