எக்கார்ட் நோல்டனின் கையெழுத்து

"அவர் மாடியில தூங்குறாருங்க. இப்ப எழுப்ப முடியாது."

ரோஸ்விதா கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். நனைந்த தொப்பியோடு வாசலில் நின்றவர் நகர்வதாக இல்லை.

"பரவாயில்லை நோல்டன் அம்மா, காத்திருக்கேன். வுப்பர்டால்ல இருந்து வர்றேன். என் பேரு கிஸ்பெர்ட்."

பெயரைக் கேட்டதும் கதவு முழுதாகத் திறந்தது. கார்ப் பந்தய வீரர் எக்கார்ட் நோல்டனுக்கு வருடம் தவறாமல் கடிதம் போடுகிறவர் அவர். தபால்தலை ஒட்டிய உறையும் கூடவே வைப்பார். வீரரின் படம் அச்சிட்ட அட்டை, கையெழுத்தோடு அதில் திரும்பிப் போகும்.

காப்பியும் ஆப்பிள் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். மலைக்கு அந்தப் பக்கம் பந்தயக் கார்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"இந்தச் சத்தத்துல எப்படிம்மா தூங்குறாரு?"

"முப்பது வருஷம் அதுக்குள்ளயே உக்காந்திருந்தவரு. அவருக்கு இதுதாங்க தாலாட்டு."

கிஸ்பெர்ட் சிரித்தார். பிறகு, பையிலிருந்து ஓர் ஆல்பத்தை எடுத்துப் பதினாறு அட்டைகளையும் காட்டினார். கடைசியாக, சட்டைப்பையிலிருந்து தனியாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது ஒரு கடையில வாங்கினது. ஸ்பெயின்ல ஒரு ஹோட்டல்ல, தன் கண்ணெதிர போட்டுக் கொடுத்தாருன்னு கடைக்காரன் சத்தியம் பண்றான். ஆனா பாருங்க, கையெழுத்து வேற மாதிரி இருக்கு. கையெழுத்து சேகரிக்கிற எங்க சங்கத்துல எல்லாரும், 'உன் பதினாறும்தான்யா போலி'ன்னு கிண்டல் பண்றாங்க."

ரோஸ்விதா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஸ்பெயின்ல... எப்படி இருந்தாராம்?"

"நல்லா கறுத்து, குண்டாயிட்டாராம். என்ன புளுகு பாருங்க!"

"புளுகுதான். அவருக்கு வெயிலே ஒத்துக்காது."

கிஸ்பெர்ட்டின் குரல் தாழ்ந்தது. "பொண்டாட்டி போனதுக்கப்புறம் எனக்கு யாருங்க கடுதாசி போடுறா? வருஷத்துக்கு ஒரு நாள் இந்த வீட்டுக் கவர் வரும். அதுவும் பொய்யின்னா... நீங்களே சொல்லுங்கம்மா. எது போலி?"

அவள் அவருடைய ஆல்பத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கடையில வாங்கினதுதான்."

"அப்படிச் சொல்லுங்க!" என்று அந்த அட்டையைக் கிழிக்கப் போனார்.

"ஐயோ, கிழிக்காதீங்க!" அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள் ரோஸ்விதா. "என்கிட்ட குடுங்க. போலி போடுறவன் எப்படிப் போடுறான்னு அவருக்குக் காட்டணும்."

கிஸ்பெர்ட் கொடுத்துவிட்டு, மாடியைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

ரோஸ்விதா மேசையில் உட்கார்ந்தாள். காலைத் தபாலில் வந்திருந்த மூன்று உறைகளுக்கும் மூன்று அட்டைகள் எடுத்து, நிதானமாக 'எக்கார்ட் நோல்டன்' என்று கையெழுத்துப் போட்டு, உறைக்குள் வைத்து ஒட்டினாள்.

பிறகு அந்தக் கடை அட்டையை இரண்டு கையாலும் எடுத்தாள். இனி தேட வேண்டாம் என்று நாலு வரி எழுதி வைத்துவிட்டு எக்கார்ட் இன்னொருத்தியோடு போய்ப் பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு, கணவரின் கையெழுத்தை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.