ஏழுக்கு ஏழு

"ஏங்க, சீவுறதுக்கு அங்க என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்டேன்.

என் தலைக்கு மேலே, சுவரில் சாய்வாக மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தபடி என் வீட்டுக்காரர் காதோரம் இருந்த நாலு முடியை ஒதுக்கிவிட்டார். "இருக்கிறதைத்தானே மேடம் பத்திரமா வச்சுக்கணும்?" என்றார். அதற்குள் ஆவி பறக்க மோமோ வந்துவிட்டது.

எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணாடிக்கு எதிரே இருக்கும் இடம் அவருக்குத்தான். லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிப்ட்டுக்குள் தன் முகத்தையே பார்த்து வந்த வியாதி என்று கேலி செய்வேன். வேலைக்குப் போகிற கட்டிடத்தின் பக்கத்தில் மோமோ கடை இருந்தால் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வருவார். பிடித்திருந்தால் சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போவார்.

மார்க் போடுவதற்குச் சட்டம் உண்டு. சாப்பிட்டதும் வாயைத் திறக்கக் கூடாது. பத்துக்கு எத்தனை என்று கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரல் நீட்டி முடிவு செய்ய வேண்டும். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் முன்னால் காட்ட வேண்டும். அடுத்தவரைப் பார்த்து மாற்றிவிடக் கூடாதே என்று நான் போட்ட சட்டம்தான்.

அன்று மாவு கொஞ்சம் தடிமன். உள்ளே இருந்த முட்டைக்கோஸ் மட்டும் குழையாமல், கடிக்கும்போது நறுக்கென்றது. நான் ஏழு விரல் காட்டினேன். அவரும் ஏழு.

"பாத்தியா, ஒரே நாக்கு!" என்று மேசையைத் தட்டினார்.

அவர் தங்கை மட்டும் நம்ப மாட்டாள். "வீட்லயே பேசி வச்சுக்கிட்டுப் போறீங்க. பச்சைப் பித்தலாட்டம்" என்பாள். எனக்கே ஆச்சரியம்தான். மின்விசிறியின் வேகத்திலிருந்து டீக்குப் போடும் சர்க்கரை வரை எங்களுக்குள் எதுவும் ஒத்துப்போனதில்லை. மோமோ ஒன்றில்தான் அப்படி ஒரு பொருத்தம்.

ஒரே ஒரு தடவை தப்பியது. பஸ் நிலையத்துக்கு வெளியே, தள்ளுவண்டியில் நின்றபடி சாப்பிட்டோம். நான் ஒன்பது காட்டினேன், அவர் மூன்று. வழியெல்லாம் சண்டை. "நின்னுக்கிட்டே தின்னா என் நாக்கு வேலை செய்யாது" என்று சாதித்தார். அதற்குப் பிறகு தள்ளுவண்டிப் பக்கமே அவர் திரும்பவில்லை.

ஏழுக்கு ஏழு போட்ட அந்தச் சனிக்கிழமைதான் கடைசி. திங்கட்கிழமை வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் என்னென்னவோ சொல்லித் தேற்றினார்கள். எதுவும் காதில் ஏறவில்லை. எங்களுக்கு ஒரே நாக்கு, அது பொய்யில்லை என்று மட்டும் நினைத்துக்கொள்வேன். பிடித்துக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

மழைக்காலம் முடிந்ததும் நாத்தனார் வந்து நின்றாள். "இப்படியே சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறீங்களா? கிளம்புங்க அண்ணி, மோமோ சாப்பிடலாம். அண்ணன் இடத்துல நான் உக்காந்துக்கறேன்."

அதே கடை. அதே மேசை. அவள் உட்காரப் போன முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அது உங்க அண்ணன் இடம். நான் உக்கார்றேன்."

"சரி, ராணியம்மா!" என்று எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். ஒரு மோமோவை வாயில் போட்டதும் அவள் முகம் மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சட்னி காரம்" என்றாள். சட்னியை அவள் தொடவே இல்லை.

"அண்ணி, எனக்கு அண்ணன் நாக்கு கிடையாது. நான் ஏதாவது காட்டி, அது உங்களுக்கு ஒத்து வரலேன்னா வருத்தப்படக் கூடாது."

"வருத்தம் என்ன? காட்டு."

அன்றைக்கு ஏழு வாங்கிய மோமோ இன்று நாலுக்கு மேல் தேறவில்லை. கடைக்காரர் கை மாறியதா, என் நாக்கு மாறியதா, தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் நாலு விரலை நீட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

எதிரே, கண்ணாடியில், நாத்தனாரின் முதுகு பளிச்சென்று தெரிந்தது. பின்னலுக்குப் பக்கத்தில் அவளுடைய இரண்டு கைகள். ஒன்றில் ஐந்து விரல், இன்னொன்றில் ஒன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு விரல் தயங்கித் தயங்கி நிமிர்ந்தது.

தள்ளுவண்டியில் கண்ணாடி கிடையாது.

அடப்பாவி மனுஷா! இத்தனை சனிக்கிழமையும் நான் எண்ணியது என் விரல்களைத்தானா?

"என்ன அண்ணி, கண்ணாடியையே பாக்கறீங்க?"

"முடி கலைஞ்சிருக்கு" என்று காதோரம் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, கையை மறுபடி பின்னால் கொண்டுபோனேன்.

"ரெடியா? ஒண்ணு... ரெண்டு... மூணு!"

இருவரும் கையை நீட்டினோம். அவள் என் விரல்களை எண்ணினாள். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அய்யோ அண்ணி, உங்களுக்கும் ஏழா!"