மேல்மாடிச் சேதி

"அவர் இன்னைக்கு என்ன சாப்பிட்டார்?"

நர்ஸ் புருலாய் அறைக்குள் நுழைந்ததுமே ஊல்கான் கேட்டாள்.

"ஆட்டுச் சூப் அக்கா. உப்பே இல்லைன்னு ஒரே கத்தல்!"

"கத்துவார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே பாட்டுதான். இந்தா, இந்த ரொட்டியைக் கொண்டுபோய்க் குடு. பசி தாங்க மாட்டார் மனுஷன்."

புருலாய் வாங்கிக்கொண்டாள். ஆறு கட்டில் போட்ட அந்த அறையில் ஊல்கான் ஒருத்திதான் இருந்தாள். கணவாயில் கார் உருண்டு, கால் முறிந்து, மயக்கத்தோடு இந்த மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்து பதினோரு நாளாகிறது. பிள்ளைகள் கிடையாது.

கணவர் தோக்தோசுன் மேல்மாடியில் தீவிர சிகிச்சையில் இருப்பதாக அவளிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவரை மறுநாளே ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். "அண்ணிக்கு இதயம் பலவீனம். தேறுறவரைக்கும் சொல்லாதீங்க" என்று கெஞ்சிவிட்டுப் போன கொழுந்தன் திரும்பி வருவதற்குள் பனி பாதையை மூடிவிட்டது.

அன்றிலிருந்து ஊல்கான் தினமும் கொடுத்தனுப்பும் ரொட்டியை மாடிப்படியில் நின்று புருலாய்தான் தின்று தீர்க்கிறாள்.

இன்று பாதை திறந்துவிட்டது. ஊல்கானைக் கூட்டிப்போகக் கொழுந்தன் ஊரிலிருந்து வண்டியோடு கிளம்பிவிட்டான். "உன்கிட்டதான் அவங்க பிரியமா இருக்காங்க. நீயே சொல்லிடு" என்று டாக்டர் கைகழுவிவிட்டார்.

புருலாய் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அக்கா... நான் உங்ககிட்ட இத்தனை நாளா..." விம்மினாள்.

ஊல்கான் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அழாதே கண்ணு, எனக்குத் தெரியும். காருக்குள்ளேயே, என் மடியில தலை வச்சுத்தான் அவர் உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் எனக்கு மயக்கம் வந்தது."

புருலாய் திகைத்துப்போனாள். "அப்போ தினமும் ஏன் அக்கா கேட்டீங்க?"

"கேட்கலைன்னா மாத்திரையைக் குடுத்துட்டு நீ பாட்டுக்குப் போயிருப்ப. அவரைப் பத்தி என்கூட உட்கார்ந்து பேச, இந்த ஊர்ல எனக்கு வேற யாரு இருக்கா?"