நேரில் வரவேண்டும்

“நூத்தம்பது பேர் இருக்கிற கிளாஸ்ல, ஒரே தொண்டையில ரெண்டு பேருக்கு ஆஜர்! என்ன தைரியம் பாருங்க மேடம்” என்றார் பேராசிரியர் டோ.

மேசைக்கு அந்தப் பக்கம் கவுல் நின்றுகொண்டிருந்தாள். கடைசி வருட மாணவி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. செப்டம்பரில் இந்தப் பருவம் தொடங்கிய நாளிலிருந்து, டோவின் வகுப்பில் மா யேரின் என்ற தோழியின் பெயர் வாசிக்கப்பட்டபோதெல்லாம் இவள்தான் “உள்ளேன்” சொல்லியிருக்கிறாள். போன வாரம் இவளுக்குச் சளி. கரகரத்த அதே குரலில் இரண்டு “உள்ளேன்” வரவும் டோ தலையை நிமிர்த்தினார். பிடிபட்டாள்.

ஹேசூ விசாரணைக் குழுவின் தலைவி. அவளுக்கு இரு பக்கமும் இருந்த உறுப்பினர்கள் சூடான டப்பாக் காபியை உள்ளங்கையில் உருட்டிக் குளிரைப் போக்கிக்கொண்டிருந்தார்கள். ஹேசூவுக்கு அது தேவைப்படவில்லை. கோபமே போதுமான சூட்டைத் தந்தது.

“செஞ்சது உண்மைதானே?”

“உண்மைதான் மேடம்.”

“ஒரு கிளாஸுக்குக் கூடவா அவ வரல?”

“அவளால வர முடியல.”

“முடியலையா, மனசில்லையா?” டோ சிரித்தார். “பார்ட் டைம் வேலை, பாய் ஃபிரெண்டு, காலையில எழுந்திருக்க சோம்பல்… எங்களுக்குத் தெரியாதா?”

கவுல் அவரையே பார்த்தாள்.

ஹேசூ குரலைத் தணித்துக்கொண்டாள். “இதோ பாரும்மா. உன்னை சஸ்பெண்ட் பண்ணினா பிப்ரவரியில பட்டம் கிடையாது. இன்சோன் நகரத்துல கிடைச்ச வேலையும் போயிடும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அவ கேட்டுத்தானே செஞ்ச? அதை மட்டும் சொல்லு. உன் தண்டனையைக் குறைக்கப் பாக்கறேன்.”

“அவ கேக்கல மேடம். நானாத்தான் சொன்னேன்.”

ஹேசூவுக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்மீது இருந்த கோபம் மெல்ல நகர்ந்து, வராத அந்த இன்னொருத்தியின் மீது போய் உட்கார்ந்தது. நடுநிலையாக இருக்க வேண்டிய நாற்காலி இது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கோபம் அவளுக்குப் பிடித்திருந்தது. குளித்துவிட்டு வந்ததுபோல அதில் ஒரு சுத்தம் இருந்தது. எந்த விசாரணையிலும் அகப்படுவது வந்து நிற்பவர்கள்தான். வராதவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். இந்தத் தடவை அப்படி விடக்கூடாது.

“உன்னை இப்படித் தனியா நிக்க வெச்சிட்டு, அவ எங்க நிம்மதியாத் தூங்கிட்டிருக்கா?”

கவுல் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று ஹேசூ நினைத்தாள். ஆனால் அவள் டோவின் பக்கம் திரும்பினாள்.

“முதல் நாள் அவ பேரைக் கூப்பிட்டீங்க சார். யாரும் பேசல. மறுபடியும் கூப்பிட்டீங்க. ‘பேரைக் குடுத்துட்டு வராம இருக்கிறதுக்கு எதுக்குக் காலேஜு’ன்னு திட்டினீங்க. என்னால தாங்க முடியல. ‘உள்ளேன்’னுட்டேன். அதுக்கப்புறம், நீங்க என்னைக்காவது நிமிர்ந்து பாக்கறீங்களான்னு பாக்கத்தான் சொன்னேன்.”

“என்ன திமிரு! இப்ப குத்தம் என் மேலயா?” டோவின் முகம் சிவந்தது.

“நீங்க இருங்க சார்” என்று ஹேசூ கையமர்த்தினாள். “நோட்டீஸ் அவளுக்கும்தான் போச்சு. நேர்ல வரணும், அவளுக்குப் பதிலா யார் வந்தாலும் ஏத்துக்க மாட்டோம்னு நான்தான் எழுதச் சொன்னேன். அதையும் அவ மதிக்கல, பாத்தியா?”

“வந்திருக்கா மேடம்.”

“என்ன?”

“வெளிய பெஞ்சில இருக்கா. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.”

“இவ்வளவு நேரம் இதைச் சொல்றதுக்கென்ன!” என்று டோ முணுமுணுத்தார். உறுப்பினர்கள் காபி டப்பாக்களைக் கீழே வைத்தார்கள்.

ஹேசூ நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். ஒரு கேள்விகூட இளக்கமாக இருக்கப்போவதில்லை.

“மா யேரின்!” நடைவழி முழுக்கக் கேட்கும்படி அழைத்தாள்.

கவுல் இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

கதவு திறந்தது. கறுப்பு உடையில் ஒரு நடுவயதுப் பெண் உள்ளே வந்தாள். இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த படத்தில், கறுப்பு ரிப்பன்களுக்கு நடுவே ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஆகஸ்ட்ல இவ போனப்பவே ஆபீஸ்ல வந்து சொன்னேங்க” என்றாள் அந்தத் தாய், படம் சாயாமல் தலையை மட்டும் தாழ்த்தி. “நேர்லதான் வரணும்னு எழுதியிருந்தீங்க. அதான் கூட்டிட்டு வந்தேன்.”